சேவுகன், ஆண், 31

செக்காலை ரோட்டில், மாடியில் எங்கள் லேப்.
கீழே ஜெராக்ஸ், அதையொட்டிப் புரோட்டாக் கடை.
மெழுகில் உறைந்த சதையை
மூன்று மைக்ரான் கனத்தில் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடிச் சில்லில் ஏந்துவது
என் வேலை. பென்சிலால் பெயர் எழுதுவதும் நானே:
சேவுகன், ஆண், 31, சிறுகுடல் கடைக்கோடி.

கீழ்க்கடையில் மாவு வீசுகிறவன்.
நூற்றைம்பது புரோட்டா அடித்துப் போட்டுவிட்டுத்
தான் தின்பது மோர்ச்சோறு, அதிலும் பாதி.
மூன்று வருஷம், ஏழு டாக்டர்,
கணக்கில் நிற்காத ஆன்டிபயாடிக்.
"பூச்சியா இருந்தா ஒண்ணு விடாமக் கொன்னுரச் சொல்லுங்க சிஸ்டர்."
நான் சிஸ்டர் இல்லை. சொல்லவில்லை.

சாயம் ஏறியபின் லென்ஸ் இறங்குகிறது.
குடலின் சுவர்
விரல் விரலாய் எழும், இடுக்கில் கிணறு கிணறாய் இறங்கும்.
ஒவ்வொரு கிணற்றடியிலும்
நாலைந்து பேர் குந்தியிருக்க வேண்டும்
மடி நிறையச் சிவப்பு மணிகளோடு.
பானெத் செல்கள் என்பது புத்தகத்துப் பெயர்.
மணிக்குள்ளே டிஃபென்சின்:
முப்பது சொச்சம் அமினோ அமிலம் கோத்த
கண்ணுக்கெட்டாச் சரம்.

ஒரு வகை, கிருமியின் தோலைத் தொட்டுத் துளை போடும்.
இன்னொரு வகைக்குக் கொல்லத் தெரியாது,
வலை பின்னிப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
தோலை மாற்றிக்கொண்ட பழைய குடித்தனக்காரர்கள்
பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார்கள்.
கோடி கோடிப் பேர் இருக்கிற ஊர்.
யார் எத்தனை, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி,
என்கிற வழக்கு அங்கே தீர்கிறது,
நாம் இரண்டாம் தடவை ரசம் கேட்கும் நேரத்தில்.

கோட்டையூர்ப் பக்கம் எங்கள் குடிநீர் ஊருணிக்கு
ஒரு காவல்காரன் இருந்தான். கையில் கம்பு,
யாரையும் அடித்ததாகத் தெரியாது.
கால் கழுவ இறங்கினால் ஒரு கனைப்பு, அவ்வளவே.
சம்பள பாக்கியில் ஒரு சித்திரை
திருப்பூருக்குப் போய்விட்டான்.
வெளியூரார் யாரும் வந்து கெடுக்கவில்லை.
அதே நாங்கள், அதே குடம், அதே எருமை.
ஆடி பிறக்குமுன் தண்ணீர் பச்சையாகி நாறியது.
பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்தார்கள்.
மீன் செத்து மிதந்தது.
அடுத்த மாதம் மறுபடி பச்சை.

சேவுகனின் சில்லில் கிணறு கிணறாகப் போகிறேன்.
முதலாவதில் ஆள் இல்லை.
அடுத்ததில் ஒருவர், மடி காலி.
பதினொன்றாவதில் மூன்றே மூன்று மணி,
எறும்பு சிந்திய சர்க்கரைபோல.
சுவர் பிய்ந்த இடங்களில்
வீக்கச் செல்கள் சந்தைக் கூட்டமாய் அடைத்திருந்தன.
சாயத்தின் கோளாறோ என்று இன்னொரு சில்லு போட்டேன்.
சாயம் நன்றாகவே இருந்தது.

காவல் போனதால் தீப் பிடித்ததா,
தீப் பிடித்ததால் காவல் ஓடியதா?
படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.
டாக்டர் உமையாள் ஒரு வரி சொன்னார்,
தட்டச்சு செய்தேன்: பானெத் செல்கள் குறைவு.

இந்தக் கட்டடமே பழைய வீடொன்றின் பின்கட்டு.
சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு இழைத்த பூச்சு.
வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம்
அந்தச் சிவப்பு மடியிலும் உண்டு, கண்ணீரிலும் உண்டு.
பூச்சுக்குள் அது என்றோ செத்திருக்கும்.
சாய்ந்தால் முதுகு குளிர்கிறது, அது வேறு காரணம்.

ஐந்து மணிக்கு வந்தான், முழங்கைவரை மைதா.
"பூச்சியா?"
"டாக்டர் சொல்லுவாங்க."
"சும்மா சொல்லுங்க."
வாய் தவறிவிட்டது: "உள்ள ஆள் பத்தல."
சிரித்துவிட்டான்.
"எங்க கடையிலயும் அதான் பிரச்சினை சிஸ்டர்,"
கவரை இடுப்பில் செருகிக்கொண்டு
இரண்டிரண்டு படியாய் இறங்கினான்.
கொஞ்ச நேரத்தில் கல்லில்
கொத்துச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.