மூன்றாம் பீப்பாய்

காற்று வருமுன் பறித்து முடித்தோம்.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயைத் திறந்துவிட்டால்
பந்தலும் நிற்காது, பழமும் நிற்காது.
அதனால்தான் எங்கள் கொடிகள்
இடுப்புயரக் கம்பியில் குனிந்தபடி போகும்.
பொத்தையடி வயல். ஒன்றேகால் ஏக்கர்.

போன வருஷம் வரை
கோயில்களுக்குப் பூசைக்கான ரசம்,
பாகாய் இனிக்கும்,
பாதிக்குப் பாதி கம்பத்துப் பழம்.

இந்த வருஷம்தான் பெலவேந்திரனுக்கு வெறி பிடித்தது.
ஒரே வயல், ஒரே அறுப்பு,
வெளிப்பழம் ஒரு குலை கூடாது.
"நம்ம கல்லும் காத்தும்
குப்பிக்குள்ள இருக்கணும்."
கொழுந்தன் இஞ்ஞாசி கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்
"கல்லுக்கு எவன் ரூவா தருவான்?"

நாசிக்கிலிருந்து மூன்று ஓக் பீப்பாய்கள் வந்தன.
கடனும் அதே லாரியில் இறங்கியது.

பதினொரு நாள் நொதித்தது.
மேலே மிதந்த தோலை
ராவும் பகலும் கட்டையால் அமுக்கினேன்.
ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கக் கை நீட்டினால்
கறுத்த நகங்களைப் பார்த்து
பங்குச்சாமி ஒரு நொடி நின்றார்.

வைகாசியில் எனக்கு நாள் தள்ளிப்போனது.
கூடவே மூக்கு வந்தது.
மூன்றாம் வீட்டுச் சாளைக் கருவாடு,
இஞ்ஞாசியின் காலரில் பெட்ரோல்,
மழைக்கு அரைமணி முன்னமே மழை.

கொட்டகைக்குள் போனேன்.
முதல் பீப்பாய்: நாவல்பழம் மிதிபட்ட ரோடு.
இரண்டாவது: புதுச் செருப்பு, அப்புறம்
மாறாமலைக் கிராம்பு காயும் சாக்கு.
மூன்றாவதில்
யாரோ நகத்துக்குச் சாயம் பூசிவிட்டு
புட்டியை மூட மறந்திருந்தார்கள்.

சொன்னேன்.
"மசக்கைக்காரிக்கு எல்லாம்தான் நாறும்" என்றார் மாமியார்.
பெலவேந்திரன் ஒரு மடக்கு வாங்கி, உருட்டி, துப்பி,
"நல்லாத்தானே இருக்கு."
இஞ்ஞாசி மட்டும் என்னை நம்பினான்,
அதுதான் மோசம்:
"மூணையும் கலந்திரலாம் மைனி.
தொள்ளாயிரம் குப்பி.
ஒருத்தனுக்கும் தெரியாது."

எனக்குத் தெரியுமே என்றேன்.
ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாதென்று
டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.
குடிக்காதவள் சொல்லுக்கு
அந்தக் கொட்டகையில் என்ன விலை?

மூன்று வாரம் அந்தப் பேச்சே இல்லை.
காற்றாலைகள் உறுமின. தகரக்கூரை ஒரு பக்கம் பிய்ந்தது.
ஒரு விடியற்காலம் வெளியே வந்து
என்னைப் பாராமல் சொன்னார்:
"காடி."

இப்போது மூன்றாம் பீப்பாய்
நாகர்கோவிலில் மீன் ஊறுகாய்க்குப் போகிறது.
இஞ்ஞாசி கறாராக விலை பேசுகிறான்.
வட்டிக்குக் காணும், முதலுக்குக் காணாது.
லேபிள் அறுநூறு போதுமென்று அச்சகத்தில் சொல்லியாயிற்று.
முத்திரை பார்க்க வந்த கலால் ஆபீசர்
ஒரு வாய் ருசித்து, முகம் சுளித்து,
"இனிப்பே இல்லையே, கெட்டுப்போச்சா?" என்றார்.
எங்கள் வீட்டில் அன்று எல்லோரும் சிரித்தோம்.
பெலவேந்திரன் கொஞ்சம் தாமதமாக.

நேற்று ஐப்பசி மழையில்
முதல் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் இறக்கி
என் மூக்கருகே பிடித்தார்.
"என்ன தெரியுது?"

வயிற்றுக்குள் ஓர் உதை.
பொறுங்க என்றேன், இரண்டு பேருக்கும்.
"மூடி வையுங்க.
இதுக்கும் மாசம் நிறையல்ல."