மூக்கிலிருந்து விழுந்த கடல்

முதுகுப்பை இரண்டு.
ஒன்று ஜெனிற்றாவின் தம்பி கடெற்றில் பாவித்தது.
மற்றது காத்தான்குடியில் நான் விலைபேசி வாங்கியது,
களுவாஞ்சிகுடி தாண்டுமுன்பே
வார் ஒன்று அறுந்தது.

நாலு நாள் பயிற்சி என்று வீட்டில் சொல்லியிருந்தோம்.
எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை அவர்கள்,
வங்கி என்றால் நம்புகிறார்கள்.

அக்கரைப்பற்றில் பஸ் மாறியதும்
கொப்பியை விரித்தாள்.
நேரம், தூரம், செலவு,
மழை வந்தால் என்ன, ஓட்டோக்காரன் கூடக் கேட்டால் என்ன.
அடகுப் பகுதியில் ஆறு வருடம்
ஊர்ப் பவுனையெல்லாம் உரசிப் பார்த்தவள்
இந்த நாலு நாளையும்
உரசிப் பார்த்துத்தான் எடுத்து வந்திருந்தாள்.

நீந்தத் தெரியாது என்பதை மட்டும்
கொப்பியில் எழுதவில்லை.
அதை அறுகம்குடாவில்,
பேபி பொயின்ட்டில்,
இடுப்பளவு தண்ணீரில் பலகையைக் கட்டிப்பிடித்தபடி சொன்னாள்.

பழக்க வந்த ரம்சீன் சிரிக்கவில்லை.
"நீங்க சொல்லாட்டி
அலைக்கு அது தெரிய வராதக்கா.
காலைப் பாக்காதீங்க,
கரையில அந்த நீல வள்ளத்தைப் பாருங்க."

விழுந்தாள்.
விழுந்தேன்.
பலகை என் தாடையில் ஒருமுறை அடித்தது,
கடல் மூக்கால் புகுந்து
நெற்றிக்குள் எங்கேயோ போய் இருந்துகொண்டது.
பன்னிரண்டாவது அலையில் நிமிர்ந்து பார்க்கிறேன்,
இப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டிபோல
கால் நடுங்க நடுங்க நிற்கிறாள் ஜெனிற்றா,
நீல வள்ளத்தையே முறைத்துக்கொண்டு,
வாடிக்கையாளரை முறைக்கிற அதே பார்வை.
மூன்று செக்கன். நாலு என்பாள் அவள்.
சரி, நாலு.

பின்னேரம் பொத்துவில் களப்பில் தோணி.
கண்ணாக் காட்டுக்குள் குனிந்து குனிந்து போனோம்.
மரக்கட்டை என்று நான் காட்டியது
கண்ணைத் திறந்தது.
தோணிக்காரர் துடுப்பை வைத்துவிட்டு
வெற்றிலை மடித்தார்.
அவர் மென்று முடிக்கும்வரைக்கும்
நாங்கள் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் குடும்பிகல.
அங்கே என் முறை.
பாறையில் வெட்டிய படிகள் முடிந்து
வெறும் வழுக்கல் தொடங்கிய இடத்தில்
கை எடுக்க வரவில்லை, கால் வைக்க வரவில்லை,
பல்லிபோல ஒட்டிக்கொண்டேன்.
பல்லிக்காவது ஏறத் தெரியும்.
மேலே போய்விட்டவள் இறங்கி வந்து
பக்கத்தில் குந்தினாள்.
தைரியம் சொல்லவில்லை.
மரவள்ளிப் பொரியல் பையைப் பிரித்து
ஒவ்வொன்றாக என் வாயில் வைத்தாள்,
உறைப்பு, தண்ணீர் கீழே பையில்.
கண்ணீர் உறைப்பினால் என்றேன்.
ஓம் என்றாள்.
உச்சியை நான் பார்க்கவில்லை.
முக்கால்வாசியிலிருந்தும் கடல் தெரிந்தது,
காடு முழுதும் தெரிந்தது,
எங்கோ ஒரு மயில்
திருத்தாத சைக்கிள் பிரேக்போலக் கத்தியது.

இரவு பாணமையில் கூடாரத்துக்கு வெளியே
ஏதோ பெரிய மூச்சு.
யானையாக இருக்கலாம், எருமையாக இருக்கலாம்,
போய்ப் பார்க்க ஆளில்லை.
"கொப்பியில இதுக்கு என்ன எழுதியிருக்கு?"
என்று காதுக்குள் கேட்டேன்.
சிரிப்பை அடக்க என் தோளைக் கடித்தாள்.
அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது.
விடிந்து பார்த்தால்
அறுந்த வார்ப்பை கிழிந்து கிடந்தது,
வாழைப்பழம் ஆறும் இல்லை, பாண் இல்லை,
பற்பசையில் பாதி இல்லை.

திங்கள் காலை, மட்டக்களப்பு, ஒன்பதரை.
நெற்றியில் பூசிய பவுடருக்கு மேலாகத்
தோல் உரிகிறது.
காப்பு ஒரு சோடி வைக்க வந்த அம்மாவின் ரசீதில்
கையெழுத்துப் போடக் குனிகிறேன்,
மூக்கிலிருந்து
சொட்டு, சொட்டு, சொட்டென்று
உப்புத்தண்ணீர்.
நெற்றிக்குள் இருந்தது
இப்போதுதான் இறங்குகிறது.
மை கரைந்து
பதினாறு கிராம் என்பதில் ஆறு கலங்கியது.

"தடிமனோ பிள்ள?
கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்கிறார்.
ஓம் என்கிறேன், நிமிராமல்.
பக்கத்து மேசையில்
உரைகல்லை அப்படியே வைத்துவிட்டு
ஜெனிற்றாவும் தன் மூக்கை
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருக்கிறாள்.