தடி எண் நாற்பத்தேழு

குழித்துறைப் பாலம் தாண்டி, இறக்கத்தில் எங்கள் மரமில்.
நான் அங்கே பில் எழுதுகிறவள்.
கன அடிக்கு இவ்வளவு, அறுப்புக்கூலி இவ்வளவு,
ஓரப்பலகை விறகு விலைக்கு.

நாலுவழிச் சாலைக்காக வெட்டிய ஏழிலைப்பாலை ஒன்று
இடவப்பாதி மழையோடு வந்து இறங்கியது.
லாரிக்காரன் வண்டியில் சாவியை விட்டுவிட்டு
எதிர் டீக்கடையில் போய் நின்றுகொண்டான்.
"காவு மரமாக்கும். பொறவு நான் சொல்லேல்லன்னு சொல்லப்பிடாது."

தடி எண் நாற்பத்தேழு என்று எழுதினேன்.

மூன்றரை மணிக்கு வாள் அலறியது.
நாலு பல் தெறித்தது,
ஒன்று தகரக்கூரையில் தைத்து நின்றது.
றசாலம் அண்ணன் மோட்டாரை நிறுத்தினார்.
வெட்டுவாயில் வெள்ளையாய்ப் பால்.
பாலுக்கு நடுவே ஒரு சாண் ஆணி.
துரு இல்லை.

இந்த ஆற்றுத் தண்ணீர் குடித்த எல்லோருக்கும் கதை தெரியும்.
அண்ணனுக்கு மூன்று விதமாகத் தெரியும்.
நகைக்காகக் கொன்றார்கள், இது அவர் அம்மை வீட்டில்.
வயிற்றுப் பிள்ளையோடு கொன்றார்கள், இது மாமனார் வீட்டில்.
யாருமே கொல்லவில்லை,
சுண்ணாம்பு கேட்டாள், கொடுக்கவில்லை, அவ்வளவுதான்,
இது மார்த்தாண்டம் சந்தையில் வெற்றிலைக்காரன் சொன்னது.
மூன்றிலும் கடைசியில் மந்திரவாதி வருவான்.
ஆணி அடிப்பான்.

அண்ணன் குறடு தேடிப் போனார், திரும்பி வரவில்லை.
பிடுங்கியது நான்தான்.
ஏனென்றால்
கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து
அவளைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன்.
பதினோரு பக்கம் ஆகியிருந்தது.
முடிவுதான் வரவில்லை.

அறுத்த பலகைகளுக்கு நடுவில் நின்றாள்.
முடியெல்லாம் மரத்தூள்.
நான் முதலில் காலைப் பார்த்தேன்.
தரையில்தான் இருந்தது, விரலிடுக்கில் சேறு.
சுண்ணாம்பு கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.
டீ கேட்டாள்.
சீனி குறைவாக.

"எழுதினத வாசி பிள்ளே."

வாசித்தேன்.
முதல் பக்கத்தில் அவள் அழகு. தலையசைத்தாள்.
நாலாவதில் கொலை. ஆடையை ஊதி ஒதுக்கினாள்.
ஒன்பதாவதில் சாலை காண்டிராக்டரின் கழுத்தைக் கடிக்கிறாள்.
அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது போலும்.
கிளாசைக் கீழே வைத்தாள்.
"இது ஒனக்கு வேண்டியிருக்கு. எனக்கு வேண்டாம்."

பிறகு ஆணியை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.
"மந்திரவாதியா? எவன்?
இது நான் அடிச்ச ஆணி.
மழ நாளுல ஈரத்துணிய எங்க கொண்டு போடட்டு?
கொடி கெட்ட அடிச்சேன்.
துணி எடுக்கப் போனேன். நல்ல நெழலு.
கொஞ்சம் சாஞ்சு நின்னேன்.
மரம் வளந்து மூடிட்டு."

ஏசுவடியான் முதலாளி குடையை உதறிக்கொண்டு வந்தார்.
உடைந்த பல்லுக்குக் காசு யார் தருவதென்று கத்தினார்.
அவளைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி,
"பலக எடுக்க வந்ததா?"

"இல்ல," என்றாள். "துணி எடுக்க."

அன்றைய பில்லின் கடைசி வரி:
ஆணி, ஒன்று.
விலைக்கு நேரே ஒரு கோடு இழுத்து விட்டேன்.

இப்போது அது என் வாடகை அறைச் சுவரில் இருக்கிறது.
அதிலிருந்து சன்னல் கம்பிக்கு ஒரு கயிறு.
மாசி வெயிலிலும், விடிந்து பார்த்தால்,
கயிற்றில் ஒரு சேலை நனைந்து தொங்குகிறது.
நீர் நேராகக் கணக்குப் புத்தகத்தில் சொட்டுகிறது.
கொலை கரைந்து போயிற்று.
காண்டிராக்டர் பிழைத்துக்கொண்டான்.
முதல் பக்கத்தில் இன்னும் மூன்று வரி மிச்சம்.

வீட்டுக்காரி ஸ்டெல்லா டீச்சர் கதவைத் தட்டுகிறார்.
தண்ணீர் மீட்டர் தாறுமாறாய் ஓடுகிறதாம்.
"ஒத்தைக்கு இருக்கேன்னு சொல்லித்தானே வந்தே?
ஆரு கூட?"

வாடகையில் இருநூறு கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறேன்.