கடைசி எண் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு

பட்டிருப்புப் பாலத்துக்கு இங்கால ஒரு ரவுட்டர்.
அங்கால, வெல்லாவெளி ஆஸ்பத்திரி அலமாரிக்குள்
பல்லி முட்டைகளோடு மற்றது.

களுவாஞ்சிக்குடி ஆய்வுகூடத்திலிருந்து பிங் அனுப்பினேன்.
போனது போனதுதான்.
கச்சான் காற்றைக் குறை சொன்னார் பேரின்பம்,
கோபுரத்தில் ஏறி அன்டெனாவையும் திருப்பிப் பார்த்தார்.
காற்றில் பிழையில்லை.
போக வழி எழுதியவர்
வர வழி எழுதவில்லை.

பாலம் கடந்துபோய் ஒரு வரி,
ஸ்டாட்டிக் ரவுட்.
படுவான்கரை ரவுட்டருக்கு
எழுவான்கரை என்று ஒன்று இருப்பதைச் சொன்னேன்.
உடனே பதில். நாலு மில்லிசெக்கன்.

வாட்டுக் கம்பியூட்டர் மட்டும் இன்னும் ஊமை.
ஒரு மணித்தியாலம், இரண்டு பிளேன்டி.

மறுகாதான் கண்டேன்: மாஸ்க்கின் கடைசியில்
ஆரோ சைபர் போட்டிருக்கிறார்கள்.
வாவிக்கு அக்கரையில் இருக்கும் நாற்பதாம் நம்பரை
அடுத்த வளவென்று நம்பி
அது ரவுட்டரைக் கேட்கவேயில்லை.
தன் வேலிக்குள்ளேயே நின்று
நாற்பதாம் நம்பர் ஆர், நாற்பதாம் நம்பர் ஆர் என்று
விடிந்ததிலிருந்து கூப்பிட்டிருக்கிறது.
கேட்டுக்கொண்டிருந்தவை ஒரு பிரின்டரும்
மூலையில் கிடந்த பழைய லப்டொப்பும்.
நான் இல்லை என்றுகூட
அவை சொல்லப்போவதில்லை.

சைபரை அழித்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
நுஸ்லியா மிஸ் திரையைப் பார்த்து
ஏழாம் கட்டிலுக்கு நடந்தா:
பிளேட்லட் எண்பத்தாறாயிரம், நேற்றையைவிடக் கூட.

பாலத்தின் நடுவில் பைக்கை நிறுத்தினேன்.
அந்த வரியை சேவ் பண்ணினேனா?
கரண்ட் ஒருக்கால் போய் வந்தால்
இந்தக் கரையை அது மறந்துவிடும்.
வெல்லாவெளிப் பக்கம் மின்னல் வேறு.

பேரின்பம் பின்னால் இருந்து ஒன்றும் கேட்கவில்லை,
ஹெல்மெட்டைத் திரும்பப் போட்டார்.