பன்னிரண்டு சொல்

களுவாஞ்சிக்குடி போட்டோகொப்பிக் கடையில்
என் அடையாள அட்டை
ஒரு பிரதி கூடுதலாய் விழுந்தது.
அதை நான் எடுக்கவில்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள்.
மூன்றாம் மாதம்,
நான் வாங்காத கடனுக்கு
மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர்.

இப்போது திறப்பு உன்னிடம் என்கிறது போன்.
பதினெட்டு தாண்டியவளா?
ஆம்.
அதற்கு மேல் ஓர் எழுத்தும் போகாது,
ஊர் போகாது, அப்பாவின் பெயர் போகாது.

பட்டிருப்புப் பாலத்தில் பஸ்ஸை மறித்தவன்
ஊரை வாசித்துத்தான்
தவநீதன் அண்ணாவை இறக்கினான்.
அன்றைக்கு அட்டைக்கு
வாயை மூடத் தெரியாது.

பன்னிரண்டு சொல்லை மறந்தால்
நான் எனக்கும் இல்லையாம்.
பிரதேச செயலகத்திலும் பிரதி கிடையாது.
மீன் வெட்டும்போது வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்,
ஒன்பதாவதில் தடுக்குகிறது.

முதலாவது உப்பு.
இல்லை, பொய்.
அது உங்களுக்கு எதற்கு?