ஏ மூன்றரை

பதினாறு பற்கள், பதினாறு குச்சிகளில்.
உரித்த தேங்காயில் தொடங்கி
தேநீர் ஊறிய பீங்கான் வரை.
பட்டையை என் உதட்டோரம் பிடித்துக்கொண்டு
டாக்டர் நொம்வேலோ கேட்கிறாள்:
"இதில் எது நீங்கள்?"

கேள்வி எனக்குப் பழசு.
இந்த டர்பனில் ஒரு காலம்
கடற்கரை பெஞ்சும் அதைத்தான் கேட்டது.
பதில் தெரிந்தவர்கள் வந்து
எங்கள் வீட்டைக் கேட்டோ மேனரிலிருந்து
சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில் ஏற்றிய அன்று
எனக்கு ஆறு வயது. ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருந்தது.
வளைவு ஒன்றில் கையோடு வந்துவிட்டது.
கூரைமேல் எறியச் சொன்னாள் அம்மா.
எந்தக் கூரை என்று இருவரும் யோசித்தோம்.

அதன்பின் முளைத்த பல்தான்
ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம்
என்னோடு வேலைக்கு வந்தது.
கத்தரிக்கோலை எடுக்க ஒரு நொடி,
பல்லுக்கு அதில் பாதி.
சட்டைக் காலர், சட்டைக் காலர், சட்டைக் காலர்.
நூல் தனக்கென்று
விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டது.
கம்பெனி மூடிப் பத்து வருடம் கழித்து
ஒரு ரொட்டி மூலையில்
சரியாக அந்தப் பள்ளத்திலிருந்து பிளந்தது.

போனது ஒரு பல்தான்.
ஆனால் தனபாக்கியம் என்று பேர் வைத்திருந்தால்
முதல் எழுத்துக்கே நாக்கு அங்கேதான் போய் நிற்கவேண்டும்.
வங்கியில் பேர் சொன்னேன்.
"ஹனா?" என்றாள் அந்தப் பெண்.
சரி என்று விட்டுவிட்டேன்.
ஒரு மதியம் முழுக்க நான் ஹனா.

கழற்றி மாட்டும் பல் ஒன்றும் இருந்தது.
இரவில் தம்ளருக்குள் கிடந்து
எனக்கில்லாத சந்தோஷத்தோடு சிரிக்கும்.
ஒரு கல்யாணத்தில் ரசத்தில் விழுந்தது.
எடுத்துத் துடைத்துக் கைப்பையில் போட்டேன்.
மறுநாள் ஈமச் சங்கத்துக்குப் போய்
என் பணத்தைத் திரும்பக் கேட்டேன்.
"அதில் நல்ல பெட்டி வாங்கலாம் அம்மா" என்றான் டேஷன்.
பெட்டிக்குள் மென்று தின்ன
என்னடா இருக்கிறது?

கிராம்பளவு திருகு.
பல்வலிக்குக் கிராம்பை அடக்கிய அதே இடத்தில்
எலும்பைத் துளைத்து இறக்கினாள்.
வலியில்லை, சத்தம்தான்.
கண்ணை மூடினால் ஓவர்லாக் மெஷின்,
யாரோ புதுப்பெண், அதிகமாக மிதிக்கிறாள்.
"எலும்பு இதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ள
நான்கு மாதம் ஆகும். சிலருக்குப் பிடிக்காமலும் போகும்."
எங்களை இந்த ஊர் பிடித்துக்கொள்ள
எடுத்த காலத்தோடு பார்த்தால்
சீக்கிரம்தான், டாக்டர்.

கிளேர் எஸ்டேட்டில் என்னை எரித்தாலும்
திருகு உருகாதாம்.
போனில் பார்த்துவிட்டு டேஷன் முகம் சுளித்தான்.
இருக்கட்டும்.
சாம்பலை அள்ளுகிறவனுக்கு
போட்ட பணத்துக்கு ஒரு ரசீது.

"எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள்" என்று
முதல் குச்சியைக் காட்டுகிறாள். அவ்வளவு வெள்ளை.
என் வாயில் அது
தனியாக ஒரு வாசலில் நுழையும்.
நான் பக்கத்துப் பல்லைத் தொட்டுக் காட்டினேன்:
அறுபது வருடத் தேநீர், கொஞ்சம் புளி.
"ஏ மூன்றரை" என்று எழுதிக்கொண்டாள்.
பள்ளமும் வேண்டும் என்றேன்.
சிரித்தாள். அதை மட்டும் எழுதவில்லை.

பொருத்திய அன்று
கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு,
த. த. தா.
தனபாக்கியம்.
காவலாளி திரும்பிப் பார்த்தான்.

வீட்டில் டேஷன் சட்டையில் ஒரு நூல் தொங்கியது.
கடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள்,
ஆனால் கை அதற்குள் வாய்க்குக் கொண்டுவந்துவிட்டது.
புதுப்பல்லுக்கு எதுவும் தெரியவில்லை,
சூடோ குளிரோ நூலோ.
நூல் பழைய பள்ளத்தைத் தேடி
வழுக்கி
பக்கத்துப் பல்லில் போய் நின்றது.

அறுத்தேன்.