ஒன்பது பவுண்டு

பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் என்றான்
காஸ்பர் ஷோரூமில் டேனர் என்கிற பையன்.
யானையைக்கூடக் கட்டி இழுக்கலாம் மேடம்.
எங்களிடம் யானை இல்லை,
இருபத்தாறு அடி டிரெய்லர்தான் இருந்தது.
வெறும் வயிற்றில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.
பாதிதானே, என்றேன்.

வெர்ல் ஒன்றும் சொல்லவில்லை.
பிக்கப்பின் கதவைத் திறந்து
நிலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை
மண்டியிட்டுப் படித்தான்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு:
ஆட்களும் சாமான்களும் சேர்ந்து
ஆயிரத்து நானூற்று நாற்பத்தேழைத் தாண்டக் கூடாது.

இழுப்பது வேறு, சுமப்பது வேறு
என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் விளக்கினான்
உப்புக் குப்பியை வண்டியாகவும்
ரொட்டியை டிரெய்லராகவும் நிறுத்தி.
தண்ணீர், தட்டு, போர்வை எல்லாம் ஏறினால்
ஏழாயிரத்து இருநூற்று நாற்பது.
பின்னால் வருவதெல்லாம் பின்னாலேயே வந்துவிடாது,
எட்டில் ஒரு பங்கு
கொக்கி வழியாக முதுகில் ஏறிக்கொள்ளும்.
நாக்கின் எடை என்று அதற்குப் பெயராம்.

அப்புறம் பென்சில் முனையை நக்கிக்கொண்டு
முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறையும் கேட்காததைக் கேட்டான்:
உன் எடை?

நூற்று அறுபத்திரண்டு.
பொய்யில்லை.
ஏதோ ஒரு வருடத்தின் உண்மை.

தனக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினான்.
நாய்க்காக
நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறினான்,
கதவைச் சாத்திக்கொண்டு.
வெளியே வந்து, அறுபத்தெட்டு என்றான்.
கொக்கிக்கும் கம்பிகளுக்கும் தொண்ணூறு,
நாக்குக்குத் தொள்ளாயிரத்து ஐந்து.
கூட்டினால் முப்பது பவுண்டு மிச்சம்.
விரலுக்கேற்ற வீக்கம்.
நிம்மதியாகத் தூங்கினோம்.

ராலின்ஸில் லாரிகளுக்கு எடைபோடும் மேடை.
முன்னால் ஆட்டுக்குட்டிகள் ஏற்றிய வண்டி,
பின்னால் காற்றாலையின் ஒற்றை இறக்கை.
நடுவில் நாங்கள்,
பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி
கையை மடியில் வைத்துக்கொண்டு.

சீட்டு வந்தது.
முப்பத்துமூன்று கூடுதல்.

வெர்ல் தன் காகிதத்தை எடுத்தான்,
மறுபடியும் கூட்டினான்,
கீழிருந்து மேலாகவும் ஒருமுறை கூட்டினான்.
காகிதத்துக்கும் மேடைக்கும் நடுவில்
அறுபத்துமூன்று பவுண்டு
யாருடையதென்று தெரியாமல் நின்றது.

ஒன்பது என்னுடையது, என்றேன்
ஜன்னல் பக்கம் பார்த்து.

அவன் இறங்கினான்.
பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டு
ஒரு பையை இழுத்தான்:
பௌலிங் பந்து இரண்டு, ஒவ்வொன்றும் பதினாறு.
தோள் சவ்வு கிழிந்த பிறகு
அவன் அவற்றைத் தொட்டதில்லை என்று நினைத்திருந்தேன்.
போகிற ஊரில் ஆடுகளம் இருக்கலாம், என்றான்.

மிச்சம் இருபத்திரண்டு.
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
சட்டையின் கடைசிப் பொத்தான்
தானாகவே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

கிழக்கே எல்க் மலைச் சரிவு,
காலையில்தான் அங்கே காற்று
ஒரு காலி லாரியைச் சாய்த்துப் போட்டிருந்தது.
அங்கே இந்த வால் ஆடத் தொடங்கினால்
தலையும் சேர்ந்து ஆடும்.
பந்துகளை விடுவதா?
என்னை விடுவதா என்று அவன் கேட்கவில்லை,
அதற்காக ஒரு மதிப்பெண் கொடுத்தேன்.

டிரெய்லரின் முன்வயிற்றில் நாற்பது காலன் தண்ணீர்,
எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.
வெளியூர்க் குழாய் எனக்கு நாக்கில் ஒட்டாது என்பதால்
லேண்டரிலிருந்து சுமந்து வந்தது.
முந்நூற்று முப்பத்திரண்டு பவுண்டு
என் நாக்குக்காக.

நானே குனிந்து வால்வைத் திறந்தேன்.
சரளைக்கற்கள் கறுத்தன.
டீசல் படிந்த மண்ணில்
எங்கள் கிணறு
சலசலத்துக்கொண்டே இருபது நிமிடம் ஓடியது.
வண்டியின் பின்பக்கம்
ஒரு விரற்கடை, அதற்கும் கொஞ்சம் மேல்
மூச்சுவிட்டு எழுந்தது.

இரண்டாவது சீட்டில் இடம் இருந்தது,
பந்துகளுக்கும்,
எங்கள் இரண்டு பேருக்கும்,
சொன்ன எடைக்கும் சொல்லாத எடைக்கும்.

கிளம்பலாம் என்று திரும்பினால்
நாய் குட்டை ஓரத்தில் நின்று
தலை நிமிராமல் குடித்துக்கொண்டிருந்தது.